பெட்டியில் 7000, டெஸ்ட்ல 3500: உங்க எஸ்எஸ்டி டூப்ளிகேட்டா?

நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வியை அப்படியே படிச்சிடறேன்: "புது எஸ்எஸ்டி வாங்கினேன். பெட்டியில செகண்டுக்கு 7000 எம்பின்னு போட்டிருக்கு. டெஸ்ட் பண்ணா 3500-ஐத் தாண்டவே மாட்டேங்குது. ரிட்டர்ன் பண்ண இன்னும் மூணு நாள்தான் இருக்கு. என்ன பண்ணலாம்?"

அவசரப்படாதீங்க. முதல்ல ஸ்லாட்டைப் பாருங்க. 7000 கிடைக்க பிசிஐஇ 4.0 ஸ்லாட் வேணும். அதே டிரைவை 3.0 ஸ்லாட்டில் போட்டால் 3500 பக்கத்துலயே நின்னுடும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதில் 'டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற இடத்தில், டிரைவ் இப்போ எதில் ஓடுது, எதுவரைக்கும் ஓட முடியும்னு ரெண்டையும் காட்டும். 3.0, 4.0ன்னு இருந்தா, டிரைவ் மேல தப்பில்லை. ஸ்லாட்தான் பழசு.

குறைஞ்ச எண்ணாவது நம்மை யோசிக்க வைக்கும். நல்ல எண்தான் ஏமாத்தும்.

கேஷ் காட்டும் வேகம்

ஒரு செல்லில் மூணு, நாலு பிட் எழுதுவது மெதுவான வேலை. அதனால பெரும்பாலான டிரைவ்கள் ஒரு பகுதியில் மட்டும் செல்லுக்கு ஒரே பிட்டா சட்டுன்னு எழுதிக்கும். அப்புறம் நிதானமா இடம் மாத்தும். இதுதான் எஸ்எல்சி கேஷ். கிரிஸ்டல்டிஸ்க்மார்க் வழக்கமா எடுத்துக்கிற டெஸ்ட் ஃபைல் 1 ஜிபிதான். அது இந்தக் கேஷுக்குள்ளேயே அடங்கிடும்.

சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபி மாடலுக்கு கம்பெனியே கொடுத்த கணக்கைப் பாருங்க: கேஷ் 42 ஜிபி. அதுவரைக்கும் எழுதும் வேகம் 530 எம்பி, நிரம்பினதும் 80. வீடியோ ஃபுட்டேஜ் 200 ஜிபி காப்பி பண்றவங்களுக்கு அந்த 80-தான் முக்கியம்.

இன்னொரு குழப்பம், ராம். ஒரே ஃபைலை ரெண்டாவது தடவை படிச்சா, சிஸ்டம் அதை ராமிலிருந்தே எடுத்துக் கொடுத்திடலாம். நீங்க அளந்தது டிரைவையே இல்லை. லினக்ஸில் எஃப்ஐஓ பயன்படுத்தினா 'டைரக்ட்=1' கட்டாயம் போடுங்க.

சரியா அளக்க

- மத்த ஆப் எல்லாத்தையும் மூடுங்க. லேப்டாப்னா சார்ஜர் போடுங்க.
- கேஷை விடப் பெரிய ஃபோல்டரை காப்பி பண்ணி, வேகம் எங்க விழுதுன்னு பாருங்க. எடுக்கிற டிரைவும் வேகமானதா இருக்கணும்.
- சூடானா டிரைவ் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்க.
- டிரைவ் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தா கேஷும் சுருங்கும். எவ்வளவு நிரம்பியிருந்ததுன்னு குறிச்சு வைங்க.
- மூணு தடவை ஓட்டி, நடுவில் வர்ற எண்ணை எடுங்க.

ஆப் திறக்கிறது, விண்டோஸ் பூட் ஆகிறது மாதிரி தினசரி வேலைக்கு, கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கின் கடைசி வரிசையைப் பாருங்க: 4கே, க்யூ1, டி1. அங்கே 7000 டிரைவும் 3500 டிரைவும் பெரும்பாலும் நூறு எம்பிக்குள்ளேதான் படிக்கும்.

ஸ்லாட் சரி, சூடு இல்லை, மூணு தடவையும் பாதி வேகம்தான்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிட்டர்ன் போடுங்க. இல்லைன்னா டிரைவை வச்சுக்கலாம்.