பெயர் சொல்லி அழைப்பவர்

நெஞ்சின் தாகங்கள் – 7

சென்ற வாரம் மன்னிப்புக்காக ஏங்கும் மனதைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அதைவிட ஆழமான ஓர் ஏக்கம். நாம் இழந்தவர்கள் ஒரேயடியாகப் போய்விட்டார்களா? நாமும் போன பிறகு நம் பெயரைச் சொல்ல யார் இருப்பார்கள்?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மழைக்காலம் என்பதால் எங்கள் ஊரில் பூக்கூடையோடு குடையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். ஒரு வாரம் முன்பே புல் செதுக்கி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். அன்று மாலை செவ்வந்தியும் சம்பங்கியும் பரப்பி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து, கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வருவார்.

என் அத்தை மத்தியானமே போய்விடுவார். கையில் சின்னக் கறுப்புப் பெயிண்ட் டப்பா, மெல்லிய பிரஷ். மதிலோரம் முழங்கால் உயரத்தில் ஒரு சிலுவை. 3 நாள் மட்டுமே உயிரோடிருந்த அவருடைய மூத்த மகனுடையது. பிள்ளை பிழைக்காது என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரியிலேயே ஒரு நர்ஸ் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். அப்போது வைத்த பெயர் ரேஷன் கார்டில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் அந்தப் பெயரைக் கூப்பிட்டதில்லை. கோயில் பதிவேட்டிலும் இந்தச் சிலுவையிலும்தான் அது இருக்கிறது. மழையிலும் வெயிலிலும் மங்கிப்போன எழுத்துகளை அத்தை ஒவ்வொன்றாக நிரப்புவார். "பேரு அழிஞ்சிரக் கூடாதுல்லப்பா" என்பார். 40 வருடமாக இது நடக்கிறது.

அந்த பிரஷைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புனித அகுஸ்தினாரின் பேனா நினைவுக்கு வரும்.

கி.பி. 387. ரோமுக்கு அருகே ஒஸ்தியா துறைமுகம். ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில் அவருடைய தாய் மோனிக்கா காய்ச்சலில் விழுந்தார். சொந்த ஊரில் கணவர் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்று வெகுகாலமாக ஆசைப்பட்டவர் அவர். கடைசியில் அந்த ஆசையையும் விட்டுவிட்டார். உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தருகே மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மகன்களிடம் கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு 56ஆவது வயது நடந்துகொண்டிருந்தது; அகுஸ்தினாருக்கு 33ஆவது.

மறுவாழ்வை நம்புகிறவன் அழலாமா என்று அகுஸ்தினார் கண்ணீரை அடக்கிக்கொண்டார். குளித்தால் துக்கம் குறையும் என்று குளித்தும் பார்த்தார், குறையவில்லை. தூங்கி எழுந்த பிறகு, தனிமையில், கடவுள் முன்னிலையில் உடைந்து அழுதார். பல ஆண்டுகள் கழித்து 'கன்ஃபெஷன்ஸ்' நூலில் அதை ஒளிக்காமல் எழுதினார். படிக்கிறவர்கள் எல்லோரும் பீடத்தருகே தன் தாய் தந்தையரை நினைக்க வேண்டும் என்று கேட்டு, மோனிக்கா, பத்ரீசியுஸ் என்று இரண்டு பெயர்களையும் அங்கே பதித்தார். 1945இல் ஒஸ்தியாவில் சிறுவர்கள் கம்பம் நடக் குழி தோண்டியபோது, மோனிக்காவின் கல்லறைக் கல்வெட்டில் ஒரு துண்டு கிடைத்தது. கல் உடைந்து மண்ணுக்குள் கிடந்த நூற்றாண்டுகளிலும் அந்தப் பெயர் சொல்லப்பட்டுக்கொண்டே இருந்தது.

அழுவது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்கள் பெத்தானியாவுக்குப் போக வேண்டும். நண்பர் இலாசரின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவே அழுதார். அதன் பிறகுதான் இலாசரைப் பெயர் சொல்லி வெளியே அழைத்தார். ஆங்கிலத்தில் கல்லறை நிலத்தைக் குறிக்கும் 'செமட்ரி' என்ற சொல், 'தூங்கும் இடம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தூங்குகிறவரைப் பெயர் சொல்லித்தானே எழுப்புவோம்?

நம் ஊரில் அந்த இடத்தைக் கல்லறைத் தோட்டம் என்கிறோம். யோவான் நற்செய்தியின்படி இயேசுவை அடக்கம் செய்ததும் ஒரு தோட்டத்தில்தான். விடியுமுன் அங்கே வந்த மகதலா மரியா, காலியான கல்லறைக்கு வெளியே நின்று அழுகிறார். எதிரில் நிற்கும் இயேசுவைத் தோட்டக்காரர் என்றே நினைக்கிறார். முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை, குரலைக் கேட்டும் தெரியவில்லை. "மரியா" என்று அவர் அழைத்ததும் தெரிந்துவிட்டது.

என் விசுவாசம் நிற்பது இந்த இடத்தில்தான். நம் பிரஷும் பேனாவும் ஒருநாள் ஓயும். பெயர் சொல்ல ஆளில்லாமல் போகும். நம் பெயரை மறக்காத ஒருவர் அதற்குப் பிறகும் இருக்கிறார். அவர் அழைத்தால் நாம் எழுவோம்.

மந்திரிப்பு முடிந்ததும் சாமியார் மைக்கில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார். வருடத்துக்கு ஒருமுறை, ஊரே கேட்க, அந்த 3 நாள் பிள்ளையின் பெயரும் ஒலிக்கும். குடைக்குள் அத்தையின் உதடுகள் மெல்ல அசையும். ஒருமுறை பக்கத்தில் நின்றபோதுதான் எனக்குக் கேட்டது.

"இருக்கான் சாமி."

(தொடரும்)