குடும்ப விலாக்: பிள்ளையிடம் யார் சம்மதம் கேட்பது?

தீபாவளி நெருங்கும்போது சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் இந்தக் காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். ஒளியூட்டுக்குக் கீழே அப்பா கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடிக்கிறார். "இங்க பாரு கண்ணா, எல்லாருக்கும் ஹாய் சொல்லு!" என்கிறார் அம்மா.

குடும்ப ஆல்பத்துக்கு என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் பள்ளியின் முதல் நாள், காய்ச்சல், பல் மருந்தகத்தில் அழுதது என எல்லாமே யூடியூபுக்குப் போனால்? அதில் பணமும் வந்தால்? பணம் யாருடையது? நாளைக்குப் பிள்ளை "எடுத்துடுங்க" என்று சொன்னால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

உணவுக் காணொளிகளால் பிரபலமான இர்ஃபானை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024 மே மாதம், துபாயில் செய்த பரிசோதனை மூலம் அறிந்த சிசுவின் பாலினத்தை அவர் காணொளியில் அறிவித்தார். பாலினத்தை வெளியிடுவதை இந்தியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சுகாதாரத் துறை விளக்கம் கேட்டது. அவர் காணொளியை அகற்றி மன்னிப்புக் கேட்டார்.

அதே ஆண்டு அக்டோபரில், பிரசவ அறையில் அவர் தொப்புள்கொடியை வெட்டும் காட்சி வெளியானது. இம்முறை மருத்துவமனையும் சிக்கியது. அதற்கு 10 நாள் தடையும் 50,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன.

சர்ச்சை முழுக்க அப்பாவையும் மருத்துவமனையையும் பற்றியே இருந்தது. பிறந்த நிமிடமே பலர் பார்க்கும் காணொளியாகிவிட்ட குழந்தையைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

பிரான்ஸ் 2020இல் சட்டம் இயற்றியது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வருமானத்தில் ஒரு பகுதியை அவர்கள் பெரியவர்களாகும் வரை பாதுகாத்து வைக்க வேண்டும். காணொளியை நீக்கும்படி பிள்ளையே கேட்கலாம்; அதற்குப் பெற்றோர் அனுமதி தேவையில்லை.

அமெரிக்காவில் முதலில் நடவடிக்கை எடுத்த மாநிலம் இலினோய். அங்கு 2024 ஜூலை முதல், குடும்ப விலாகில் அதிகம் தோன்றும் பிள்ளைக்கான பங்கைத் தனிக் கணக்கில் போட வேண்டும். போடாவிட்டால், வளர்ந்த பிறகு பிள்ளை வழக்குத் தொடரலாம்.

'8 பேசஞ்சர்ஸ்' குடும்ப ஒளிவழியை நடத்திய ரூபி ஃப்ராங்கி, பிள்ளைகளைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்காக 2024இல் சிறை சென்றார். அவருடைய மூத்த மகள் ஷாரி, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று யூட்டா சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசினார். மறு ஆண்டே அங்கும் சட்டம் வந்தது.

சரி, சிங்கப்பூரில்?

வேலை நியமனச் சட்டப்படி 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்க முடியாது. ஆனால் வீட்டுக் கூடத்தில் அம்மா படம் எடுப்பதை யாரும் 'வேலை நியமனம்' என்று நினைப்பதில்லை.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முக்கியமாக நிறுவனங்களுக்கானது. சொந்த, குடும்பக் காரியங்களுக்காகச் செயல்படும் தனிநபருக்கு அதில் விலக்கு உண்டு. 2024இல் வந்த வழிகாட்டிக் குறிப்புகள், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் விஷயத்தைப் புரிந்துகொண்டால் தாங்களே சம்மதம் தரலாம் என்கின்றன. 13 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

சிக்கல் அங்கேதான். படம் எடுப்பவரும் பெற்றோர், சம்மதம் தருபவரும் பெற்றோர்.

பல் மருந்தகத்துக்குள் கேமரா போகலாமா?

பிள்ளையின் முதல் பல் பரிசோதனையைப் படம்பிடிக்க ஆசையா? முதலில் மருந்தகத்தின் அனுமதியைக் கேளுங்கள். காத்திருப்போரின் முகம், முகப்பில் அழைக்கப்படும் பெயர், திரையில் உள்ள எக்ஸ்ரே எல்லாம் மற்றவர்களின் ரகசியம். அதைக் காப்பது பல் மருத்துவரின் கடமை.

இன்னொன்று: "முன்னாடி பார்த்த டாக்டர் சரியா அடைக்கலையா?" என்று கேமரா முன் கேட்காதீங்க. பல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மருத்துவர் உங்களிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் முழு விவரம் தெரியாமல் சக மருத்துவரைக் குறை சொல்லாமல் இருப்பது தொழில் நெறி. தனியாகக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

மருந்தகம் உங்கள் காணொளியைத் தன் பக்கத்தில் போடக் கேட்டாலும் யோசியுங்கள். சுகாதாரச் சேவை விளம்பரங்களில் நோயாளிகளின் பாராட்டுரையைப் பயன்படுத்த நம் விதிமுறைகள் இடம் தருவதில்லை.

பதிவேற்றும் முன் என்ன பண்ணலாம்?

* பிள்ளை அழும்போது, நோயில் இருக்கும்போது, உடை மாற்றும்போது கேமரா வேண்டாம்.
* பள்ளிச் சீருடை, புளோக் எண், தினமும் போகும் பாதை தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
* வருமானம் வந்தால் பிள்ளை பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தக் காத்திருக்க வேண்டாம்.
* விலாக் செய்யும் நண்பர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டால் "சூப்பர், போடுங்க" என்றுதான் வரும். உறவில் உள்ள ஒரு 15 வயதுப் பிள்ளையிடம் காட்டுங்கள். "இது நீயா இருந்தா உன் வகுப்பு நண்பர்கள் பார்த்தா பரவாயில்லையா?" என்று கேளுங்கள்.
* பிள்ளை "வேண்டாம்" என்றால் நீக்கிவிடுங்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை.

பிரான்சில் பிள்ளைக்கு அது சட்டம் தந்த உரிமை. இங்கே இப்போதைக்கு அதைத் தரக்கூடியவர் நீங்கள்தான்.