இளநீருக்கு அடங்காத சூடு!

சில வியாதிகள் நமக்கு வருவதே இல்லை. எப்போதும் 'ஃப்ரெண்டு'க்குத்தான் வரும்!

எங்கள் ஆபீஸ் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் தலைவலி மாத்திரைக்காக நின்றிருந்தேன். டை கட்டிய இளைஞர் ஒருவர், கூட்டம் கலையும் வரை டூத் பேஸ்ட் டப்பாவில் இருப்பதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கடைக்காரரிடம் குனிந்து, "அண்ணே... ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு யூரின் போனா எரியுதாம். சீழ் மாதிரி வேற வருதாம்" என்றார்.

"உடம்புச் சூடு தம்பி! இளநீர் குடிக்கச் சொல்லு. இதையும் ரெண்டு நாள் போடச் சொல்லு."

"சீக்கிரம் சரியாயிடுமாண்ணே? அடுத்த மாசம் கல்யாணம்... ஃப்ரெண்டுக்கு!"

நாலு மாத்திரை கவருக்குள் போனது. டாக்டர் சீட்டா? அதை யார் கேட்டார்கள்! ஃப்ரெண்டு சார்பில் இளைஞரே அங்கேயே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தால் நீர்க்கடுப்பு வரும். வாஸ்தவம்தான். அதற்கு இளநீர் நல்லது. ஆனால் சீழ் வந்தால் அது சூடு இல்லை சார், கிருமி! நம் தாத்தாக்கள் 'வெட்டை' என்றார்கள். டாக்டர்கள் 'கொனோரியா' என்கிறார்கள். 1879-ல் ஆல்பர்ட் நைஸர் என்ற ஜெர்மன் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் இதைப் பிடித்தார். இரண்டு காபிக்கொட்டையை ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். கண்டுபிடித்த பாவத்துக்குக் கிருமிக்கே அவர் பெயரை வைத்து 'நைஸீரியா' ஆக்கிவிட்டார்கள்!

2020-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 8 கோடியே 20 லட்சம் பேருக்கு இது புதிதாகத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. உடம்புக்குள் ஈரமான சவ்வு இருக்கும் இடம்தான் இதற்குக் குடியிருப்பு. சிறுநீர்ப் பாதை, கருப்பை வாய், ஆசனவாய், கண்... ஏன், தொண்டையும்கூட. வெளியே வந்தால் சீக்கிரமே செத்துவிடும். ஆகவே, "பஸ் ஸ்டாண்ட் டாய்லெட்ல ஒட்டிக்கிச்சு" என்ற கதை எடுபடாது.

"தொண்டையிலா?" என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். வாய்வழி உறவில் அங்கே போய்ச் சேர்கிறது. வேடிக்கை என்னவென்றால், தொண்டையில் இருந்தால் பெரும்பாலும் வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. வாடகை தராத ஆள் மாதிரி சத்தமில்லாமல் இருக்கும். (அதற்காக மழைக்காலத் தொண்டைக் கரகரப்புக்கெல்லாம் நடுங்க வேண்டாம். அது பெரும்பாலும் சளி வைரஸின் வேலை!)

2018-ல் பிரிட்டனில் ஒருவர் விஷயம் மருத்துவ உலகத்தையே கலக்கியது. தென்கிழக்கு ஆசியாவுக்குப் போன இடத்தில் தொற்றிக்கொண்டது. ஊசி போட்டார்கள். சிறுநீர்ச் சோதனையில் கிருமி இல்லை. ஆனால் தொண்டையில் அப்படியே இருந்தது! வேறொரு ஊசி போட்டும் போகவில்லை. கடைசியில் எர்ட்டாபெனம் என்ற வலுவான மருந்தை மூன்று நாள் நரம்பில் ஏற்றித்தான் விரட்டினார்கள்.

"தொண்டையில மட்டும் என்ன டாக்டர் அவ்வளவு பிடிவாதம்?" என்று தெரிந்த டாக்டரிடம் கேட்டேன்.

"மருந்து அங்கே சரியாப் போய்ச் சேர்றதில்லை. அதோட, நம்ம தொண்டையில இதோட சொந்தக்காரக் கிருமிங்க சும்மா குடியிருக்கு. தொந்தரவு பண்ணாதுங்க. ஆனா, ஒவ்வொரு தடவை நீங்க கண்ட மாத்திரையை முழுங்கும்போதும் அதுங்க மருந்தைத் தாங்கக் கத்துக்குது. அப்புறம் பரீட்சை ஹால்ல பிட் பாஸ் பண்ற மாதிரி, கத்துக்கிட்டதை இதுக்குக் கொடுத்துடுது!"

பிட் அடித்தே இது பல பரீட்சை பாஸ் பண்ணிவிட்டது. சல்ஃபா மருந்து போச்சு. பெனிசிலினை உடைத்துப்போடும் ரகம் 1976-ல் தலைகாட்டியது. மெடிக்கல் ஷாப்பில் சரளமாகக் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசினை, இந்த நோய்க்கான பட்டியலிலிருந்து அமெரிக்கா 2007-லேயே எடுத்துவிட்டது. இப்போது முக்கியமாகக் கைகொடுப்பது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. அதற்கும் அடங்காததுதான் அந்த பிரிட்டன் கேஸ்.

நாலு மாத்திரையில் எரிச்சல் குறையலாம். சீழ்கூட நிற்கலாம். கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்த நிலையில் தாலி கட்டினால்? பெண்களில் பலருக்கு அறிகுறியே தெரியாது. உள்ளுக்குள்ளேயே பரவி, கருக்குழாயை அடைத்துவிடலாம். இரண்டு வருஷம் கழித்து, "மருமகளுக்கு இன்னும் ஒண்ணும் விசேஷமில்லையே" என்று மாமியார் அவளைக் கோயில் கோயிலாக அழைத்துப் போவார். பழி அவள் தலையில். காரணம், இவர் கூச்சப்பட்டு வாங்கிய நாலு மாத்திரை! குழந்தை பிறந்தாலும், பிரசவத்தின்போது அதன் கண்ணில் தொற்றிப் பார்வையைப் பறிக்கக்கூடும்.

சரி, என்னதான் செய்வது?

பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய்ப் பிரிவு உண்டு. இலவசம். விஷயம் வெளியே போகாது. கூசாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். வாய்வழி உறவு உண்டென்றால் அதையும்தான். நீங்கள் சொல்லாமல் தொண்டையைச் சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. தொண்டையில் இருந்தால், சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி சோதனை அவசியம். கையோடு எச்.ஐ.வி., சிஃபிலிஸ் சோதனையும் செய்துகொள்ளுங்கள். சிகிச்சைக்குப் பின் ஒரு வாரம் உறவு வேண்டாம். பிறகு ஆணுறை, வாய்வழி உறவுக்கும் சேர்த்து.

இன்னும் ஒன்று பாக்கி. துணைக்கும் அதே நேரத்தில் சிகிச்சை வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் போனது அங்கிருந்து திரும்பி வரும். அதை அவரிடம் சொல்வது ஊசியைவிட வலிக்கும்தான். ஆனால் உடம்பு தொந்தரவே தெரியாத அவருக்கு, நீங்கள் சொன்னால்தானே தெரியும்?