காது கேட்காத பிள்ளையைக் கராத்தே வகுப்பில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். சிலம்பம், குத்துவரிசை, ஜூடோ, மல்யுத்தம் எதில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு. வகுப்பு நடத்துகிறவர் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கங்களும் சில உண்டு. ஆவடியை அடுத்த வெள்ளானூர் போன்ற புறநகர்களில் சாயங்காலமானால் பள்ளி மைதானத்திலும் மொட்டை மாடியிலும் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். அந்த வரிசையில் காது மெஷின் போட்ட பிள்ளையும் நிற்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பெற்றோருக்கும் மாஸ்டர்களுக்கும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. சண்டைக் கலையில் காதுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது? எதிராளி குத்தப்போகிறான் என்பதை அவன் தோள் சொல்லும். உதைக்கப்போகிறான் என்பதை அவன் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்பது சொல்லும். இவை கண்ணுக்கான சேதிகள். மல்யுத்தத்திலும் ஜூடோவிலும் பிடி விழுந்த பிறகு கண்ணுக்குக்கூட அவ்வளவு வேலை இல்லை. எதிராளி இழுக்கிறானா, தள்ளுகிறானா, மூச்சு வாங்குகிறானா என்பதெல்லாம் கையிலும் மார்பிலும் தெரிந்துவிடும். சிலம்பத்தில் கம்போடு கம்பு மோதும்போது உள்ளங்கையில் இறங்கும் அதிர்வே அடி எவ்வளவு வேகமாக வந்தது என்று சொல்லிவிடுகிறது. காது தேவைப்படுவது கலையைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளுக்குத்தான்: மாஸ்டரின் எண்ணிக்கை, நடுவரின் விசில், சுற்று முடிந்த மணி, ஓரத்திலிருந்து பயிற்சியாளர் போடும் சத்தம். இவை எல்லாவற்றையும் மாற்ற முடியும்.

முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறார். ஹரியாணாவில் ஜஜ்ஜர் மாவட்டத்து சசரோலி கிராமத்துக்காரர் வீரேந்தர் சிங். காது கேட்காது, வாய் பேச முடியாது. வடக்கே அவரை ‘கூங்கா பயில்வான்’, அதாவது ஊமைப் பயில்வான் என்றே அழைத்தார்கள். காது கேளாதோருக்கான ஒலிம்பிக்ஸான டெஃப்லிம்பிக்ஸில் 2005 மெல்போர்ன், 2013 சோபியா, 2017 சாம்சுன் என மூன்று முறை தங்கம் வென்றார். 2009இல் தைபேயில் வெண்கலம். கோவிட் காரணமாகத் தள்ளிப்போய் 2022இல் பிரேசிலில் நடந்த போட்டியில் இன்னொரு வெண்கலம். அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீயும் பெற்றவர். அகாடா எனும் மல்யுத்தக் கூடங்களில் அவரோடு புரண்டவர்கள் பெரும்பாலும் காது கேட்கும் பயில்வான்கள்தான். களிமண் குழியில் அவருக்கென்று தனி விதி எதுவும் இருக்கவில்லை.

வெளிநாட்டிலும் உதாரணங்கள் உண்டு. பிறவியிலேயே காது கேட்காத இத்தாலியர் மாரியோ தகாத்தா 1956இல் பேண்டம்வெயிட் குத்துச்சண்டையில் உலக சாம்பியன் ஆனார். அது காது கேட்பவர்களுக்கான பட்டம். அமெரிக்காவின் மேட் ஹாமில், கல்லூரி மல்யுத்தத்தில் மூன்று முறை தேசிய சாம்பியனாகி, பிறகு யுஎஃப்சி கூண்டுச் சண்டைக்கு வந்தார். புகழ்பெற்ற ஜான் ஜோன்ஸின் கணக்கில் உள்ள ஒரே தோல்வி, 2009இல் இந்த ஹாமிலுடன் மோதியபோது விதிமீறலுக்காக ஜோன்ஸ் தகுதிநீக்கம் செய்யப்பட்டதால் வந்தது.

இனி வகுப்புக்கு வருவோம். நம் ஊர்க் கராத்தே வகுப்பின் வழக்கமான காட்சி இது. மாஸ்டர் முன்னால் நின்று, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, தானும் குத்திக்கொண்டே ‘இச், நீ, சான்’ என்று எண்ணுகிறார். பிறகு வரிசைகளுக்கு இடையே நடந்துவந்து, ஒரு பிள்ளையின் பின்னால் நின்று ‘முழங்காலை மடக்கு’ என்கிறார். காது கேட்காத பிள்ளைக்கு இதில் பாதி போய்ச் சேராது. முதுகில் வாய் தெரியாது. பின்னாலிருந்து வரும் குரலும் தெரியாது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் செய்வதால் எப்போதும் அரை நொடி பிந்தும். அந்த அரை நொடியைப் பார்த்துவிட்டு ‘இவனுக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது பிள்ளைக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

மாற்று எளியது. எண்ணும்போது பிள்ளைகளைப் பார்த்து நின்று, விரலாலும் எண்ண வேண்டும். வரிசைகளுக்குப் பதில் அரைவட்டமாக நிறுத்தினால் எல்லோருக்கும் எல்லோரும் தெரிவார்கள். சன்னலுக்கோ விளக்குக்கோ முதுகு காட்டி நின்று பேசினால் முகம் இருட்டாகிவிடும், உதட்டைப் படிக்க முடியாது. ஆகவே வெளிச்சம் மாஸ்டரின் முகத்தில் விழ வேண்டும். பேசிக்கொண்டே செய்து காட்டுவதையும் தவிர்க்க வேண்டும். இரண்டு கண்ணால் ஒரே நேரத்தில் உதட்டையும் காலையும் பார்க்க முடியாது. முதலில் சொல்லிவிட்டு, பிறகு வாய் திறக்காமல் செய்து காட்டினால் பிள்ளை இரண்டையும் முழுதாக வாங்கிக்கொள்ளும். காது கேட்கும் பிள்ளைகளுக்கும் இது நன்மைதான்.

கூப்பிடுவதற்கு என்ன செய்வது? சிலர் தரையை ஓங்கி மிதிக்கச் சொல்வார்கள். மரத்தளத்தில் அது நன்றாக வேலை செய்யும். கான்கிரீட் மொட்டை மாடியிலும் தடித்த மேட் மேலும் அதிர்வு போய்ச் சேராது. விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவது நல்ல வழி. எல்.இ.டி. பல்பு இருந்தால் உடனே மின்னும். ஸ்டார்ட்டர் வைத்த பழைய டியூப்லைட் என்றால் மறுபடி எரிய நேரமெடுக்கும், அதுவரை வகுப்பே இருட்டில் நிற்கும். வெட்டவெளியில் ஒரு சிவப்புத் துணிக்கொடி போதும். ‘ஆரம்பி, நிறுத்து, மெதுவாக, மறுபடி, வலிக்கிறது’ என்ற ஐந்துக்கும் சைகை முடிவு செய்து, வகுப்பு முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கிவிட வேண்டும். இந்தியச் சைகை மொழி தெரிந்த பிள்ளை என்றால் அந்தப் பிள்ளையையே மாஸ்டராக நிற்க வைத்து மற்றவர்களுக்குச் சொல்லித்தரச் சொல்லலாம். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தொட்டுத் திருத்துவது இந்தக் கலைகளில் சாதாரணம். ஆனால் பின்னாலிருந்து திடீரென்று தொடக் கூடாது. வருவது தெரியாததால் பிள்ளை திடுக்கிட்டுக் கையை வீசிவிடும். முன்னால் வந்து, கண்ணில் பட்டு, தலையசைப்பு வாங்கிக்கொண்டு தொட வேண்டும். எங்கே தொடலாம் என்பதைப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் பேசிக்கொள்ள வேண்டும். வாயால் எளிதில் புகார் சொல்ல முடியாத பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு கூடுதலாகவே வேண்டும். வகுப்பு திறந்த இடத்தில், பிறர் கண்ணில் படும்படி நடக்கிறதா என்று பெற்றோர் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் இரண்டு விதிகளை ஒருநாளும் விடக் கூடாது. ஒன்று, பிடி விழுந்து வலித்தால் தட்டுவது. ஜூடோவில் தரையைத் தட்டலாம், வாயாலும் சொல்லலாம் என்பது பொது வழக்கம். காது கேட்காத பிள்ளை பிடித்திருக்கும்போது கீழே இருப்பவன் தரையைத் தட்டினாலும் அலறினாலும் அதற்குத் தெரியாது. எனவே தட்டுவது எப்போதும் பிடித்திருப்பவரின் உடம்பில்தான், இரண்டு முறை, அழுத்தமாக. நடுவரும் ‘நிறுத்து’ என்று கத்துவதோடு விடாமல் இருவரின் தோளையும் தொட வேண்டும். இரண்டாவது, கரண்ட் போனால் எல்லோரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். வெளிச்சம் போன நொடியில் இந்தப் பிள்ளைக்குச் சுற்றிலும் என்ன நடக்கிறது என்று அறிய வழியே இல்லை. சுற்றிலும் கம்பு சுழன்றுகொண்டிருக்கும் சிலம்ப வகுப்பில் இந்த விதி உயிர்விதி.

கராத்தேயில் ‘கியாய்’ என்று அடிவயிற்றிலிருந்து போடும் முழக்கம் ஒன்று உண்டு. பேச்சு வராத பிள்ளைக்கு அது எப்படி என்று மாஸ்டர்கள் கேட்கலாம். முழக்கத்தின் வேலை மூச்சை வெளியேற்றி வயிற்றை இறுக்குவது. பிள்ளையின் கையை எடுத்து மாஸ்டர் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு முழங்கினால், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். குரல் எப்படி வந்தாலும் சரிதான்.

இப்போது டாக்டர் விஷயம். இதில் அவசரப்படாதீர்கள்.

கேட்கும் உறுப்பும் உடம்பைச் சமநிலையில் நிறுத்தும் உறுப்பும் உள்காதில் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. அதனால் காது கேளாத பிள்ளைகள் பலருக்குச் சமநிலையிலும் குறை இருக்கும். மூளைக்காய்ச்சல் வந்து கேட்கும் திறன் போனவர்களுக்கு இது அதிகம். கண்ணைத் திறந்து ஒற்றைக்காலில் நிற்கிற பிள்ளை, கண்ணை மூடச் சொன்னதும் தடுமாறினால், அது கண்ணை வைத்தே சமாளித்துவந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பிள்ளைக்குச் சுழன்று உதைப்பதையும் குட்டிக்கரணத்தையும் பொறுத்துத்தான் கற்றுத்தர வேண்டும். தலைக்கவசம் பக்கவாட்டுப் பார்வையை மறைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நல்ல செய்தி, பாதத்தின் உணர்வும் கண்ணும் பழகப் பழகச் சமநிலை தேறும். சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுக்கும் முன் பழக்கும் காலடிப் பயிற்சியும் கராத்தேயின் நிலைகளும் இதற்கு நன்கு உதவும்.

சில பிள்ளைகளுக்கு உள்காதின் ஒரு நாளம் பிறவியிலேயே அகலமாக இருக்கும். ஸ்கேனில்தான் தெரியும். தலையில் லேசாக அடிபட்டாலும் இவர்களுக்கு மிச்சமிருக்கும் கேட்கும் திறன் போய்விடக்கூடும். தலையில் அடிவிழும் கலை இவர்களுக்குக் கூடாது. பிள்ளைக்கு எதனால் காது கேட்கவில்லை என்று இ.என்.டி. டாக்டரிடம் கேட்டு, ஸ்கேன் எடுத்திருந்தால் அதைக் காட்டி, ‘தலையில் அடிபடலாமா?’ என்று நேராகவே கேளுங்கள்.

காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வைத்த பிள்ளைகள் நம் மாநிலத்தில் கணிசம். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை உண்டு. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும் பாகத்தின் மேல் பலமாக அடிபட்டால் அது பழுதாகிவிடும், மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஆகவே குத்துச்சண்டையும் கிக்பாக்சிங்கும் வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை. தனியாகச் செய்யும் கராத்தே அசைவு வரிசையான கட்டா, சிலம்பத்தின் அலங்கார வீச்சு, தலையைத் தொடாத பயிற்சி ஆகியவற்றை டாக்டரின் சம்மதத்தோடு செய்யலாம். இதில் கலையின் அழகு எதுவும் குறைந்துவிடாது.

சாதாரணக் காது மெஷின் என்றால் ஜோடிச் சண்டைக்கு முன் கழற்றி, பெயர் எழுதிய டப்பாவில் வைத்துவிட வேண்டும். கழற்றியதும் மாஸ்டர் பேச்சை விட்டுவிட்டு முழுக்கச் சைகைக்கு மாற வேண்டும். மெஷின் இருந்தபோது பதில் சொன்ன பிள்ளைதானே என்று மறந்துபோய்க் கத்துவது வழக்கமாக நடக்கிறது. நம் சென்னை வியர்வை மெஷினுக்கு எமன். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் இரவு முழுக்க வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

போட்டிக்குப் போக ஆசை வந்தால் பாராலிம்பிக்ஸைத் தேடாதீர்கள். அதில் காது கேளாதோருக்குப் பிரிவே கிடையாது. அவர்களுக்கென்று உள்ள டெஃப்லிம்பிக்ஸ் 1924இல் பாரிசில் தொடங்கியது. நூற்றாண்டைக் கொண்டாடும் போட்டி 2025 நவம்பரில் டோக்கியோவில் நடந்தது. மல்யுத்தம், ஜூடோ, கராத்தே, டேக்வாண்டோ நான்கும் அதில் உண்டு. மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா பேட்மின்டனில் மூன்று தங்கம் வென்று வந்தது 2022இல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில்தான். இந்தியாவில் இதற்கான அமைப்பு அகில இந்திய காது கேளாதோர் விளையாட்டுக் கவுன்சில்.

காது கேளாதோரை இப்படித் தனியாக ஒதுக்குவதால் வந்த வேதனையும் உண்டு. 2002இல் இளையோர் உலக மல்யுத்தப் போட்டிக்கான தேசியச் சுற்றில் வீரேந்தர் தங்கம் வென்றார். காது கேட்காது என்ற காரணத்தால் அவரை உலகப் போட்டிக்கு அனுப்பவில்லை. 2021 நவம்பரில் பத்மஸ்ரீயைக் கையில் வாங்கிய மறுநாளே அதையும் மற்ற பதக்கங்களையும் எடுத்துக்கொண்டு டெல்லி ஹரியாணா பவன் வாசலில், நடைபாதையில் உட்கார்ந்தார். பாரா வீரர்களுக்கு மாநில அரசு தரும் உரிமையையும் பரிசையும் காது கேளாத வீரர்களுக்கும் தர வேண்டும் என்பதே அவர் கேட்டது. அவர் கேட்டது முழுக்க நியாயம். ஒரே நாட்டுக்காக, ஒரே வியர்வை சிந்தி வாங்கிய பதக்கங்களுக்குள் ஏற்றத்தாழ்வு பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

தகுதியில் ஒரு நுணுக்கம் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பைக் குறைகேள் திறன் என்றும், 70 டெசிபல் இழப்பைக் காது கேளாமை என்றும் வகுக்கிறது. டெஃப்லிம்பிக்ஸுக்கு நன்றாகக் கேட்கும் காதில் 55 டெசிபல் இழப்பு இருந்தாலே போதும். அரசு அட்டை கிடைக்காத பிள்ளைக்கும் அங்கே இடம் இருக்கலாம் என்பதால், ஆடியோகிராம் எடுத்த தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக் களத்தில் காது மெஷினுக்கோ காக்ளியர் கருவிக்கோ அனுமதி இல்லை. எல்லோரும் கழற்றிவிட்டே இறங்க வேண்டும். போட்டி எண்ணம் உள்ள பிள்ளைக்கு, வாரத்தில் ஒரு வகுப்பையாவது தொடக்கம் முதல் முடிவு வரை மெஷின் இல்லாமல், கொடியையும் விளக்கையும் மட்டும் வைத்து நடத்தச் சொல்லி மாஸ்டரிடம் இப்போதே கேளுங்கள்.