கடன் வழக்கில் நீதிமன்றம் எதைப் பார்க்கிறது?

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பது நம் முன்னோர் வாக்கு. நீதிமன்றப் படியேறும் எளிய மக்கள் பலர் இதன் பொருளைக் காலங்கடந்தே உணர்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டினைக் காண்போம். பால்மரத் தொழிலாளி ஒருவர், மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காகத் தம் நண்பருக்கு 4,000 ரிங்கிட் கைமாற்றாகக் கொடுக்கிறார். ஈராண்டு கழித்துக் கேட்டபோது, "அது நீங்கள் மனமுவந்து அளித்த உதவியன்றோ?" என்கிறார் நண்பர். இவ்வழக்கை நீதிமன்றம் எவ்வாறு தீர்க்கும்?

1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின்படி, ஒன்றை உண்டென்று கூறுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே, கொடுத்தது கடனே என்று காட்டும் பொறுப்பு தொழிலாளியைச் சேர்ந்தது. மாறாக, "கடன் வாங்கினேன், ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று நண்பர் கூறினால், கொடுத்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரைச் சாரும்.

குற்றவியல் வழக்கில் நியாயமான ஐயத்திற்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். உரிமையியல் வழக்கில் அத்துணைக் கடுமை இல்லை. இரு தரப்புச் சான்றுகளையும் சீர்தூக்கி, எவர் கூற்று நடந்திருக்கக்கூடியது என்று நீதிபதி முடிவு செய்வார். அழுகையும் ஆணையிடுதலும் அத்தராசில் எடை பெறா. கையொப்பமிட்ட ஒரு துண்டுச் சீட்டு, வங்கிக் கணக்கின் பதிவு, "அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்" என்ற கைப்பேசிச் செய்தி, பணம் கைமாறியதைக் கண்ட சாட்சி ஆகியவையே எடை பெறும்.

5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கோரிக்கைகளுக்கு, 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் எளிய வழியொன்றை வகுத்துள்ளன. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் உரிய படிவத்தை நிரப்பித் தனிமனிதர் தாமே வழக்குத் தொடரலாம். இரு தரப்பினரும் பொதுவாக வழக்கறிஞரின்றியே வாதிடுவர். ஆதலின் செலவுக்கு அஞ்சி உரிமையைக் கைவிட வேண்டுவதில்லை.

காலமும் கவனிக்கத் தக்கது. தீபகற்ப மலேசியாவில், 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய வழக்குகளை உரிமை பிறந்த நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். தாமதித்தால், உண்மையான கடனுங்கூட வழக்கில் நில்லாமற் போகலாம்.

சம்மன் பெற்றவருக்கும் ஒரு சொல். "நான் வாங்கவே இல்லை; நான் ஏன் போக வேண்டும்?" என்று வீட்டிலிருந்துவிடுதல் பெரும் பிழை. மறுமொழி அளியாமலும் முன்னிலையாகாமலும் இருப்பவருக்கு எதிராக, அவர் கூற்றைக் கேளாமலே தீர்ப்பு அமையக்கூடும்.

சம்பளப் பாக்கி பற்றிய முறையீடுகளை நீதிமன்றத்திற்கு அன்றித் தொழிலாளர் இலாகாவுக்கே கொண்டு செல்லலாம். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர் சட்ட உதவி இலாகாவை அணுகிக் கேட்கலாம்.

கொடுக்கும்போதே தொகை, நாள், தவணை மூன்றையும் எழுதி இருவரும் கையொப்பமிடுவோம். திருப்பிக் கொடுக்கும்போது ரசீது கேட்போம். எழுதிக் கேட்பது நண்பரை ஐயுறுவதாகாது. பின்னாளில் நட்பு நீதிமன்றம் வரை செல்லாமற் காப்பதும் அச்சீட்டேயாம்.