நின்றால் ஒழுகும், ஓடினால் உறிஞ்சும்

யட்டியாந்தோட்டைப் பக்கம் கொழுந்து ஏற்றும் டிரக்டர் ஓட்டுகிற வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய மெசி 135. இரவு நிறுத்தினால் விடிவதற்குள் கீழே டீசல் சொட்டிக் கிடக்கிறது. ஓடும்போது குனிந்து பார்த்தால் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் பெட்டி நிறையக் கொழுந்தோடு ஸ்டோருக்கு மேடு ஏறினால் இஞ்சின் திணறித் திணறி நின்றுவிடுகிறது. ஒழுக்குக்கு ஒரு பாஸிடமும் இஞ்சினுக்கு இன்னொரு பாஸிடமும் காட்டியாயிற்று. இந்த இரண்டு வியாதிக்கும் என்ன வைத்தியம்?"

கேட்டவரையில் இரண்டும் ஒரே வியாதி என்றுதான் தோன்றுகிறது. இரவில் டீசலை வெளியே விடும் அதே ஓட்டை, பகலில் காற்றை உள்ளே இழுக்கிறது.

இந்த டிரக்டரில் டாங்கி, இஞ்சினுக்கு மேலே பொனட்டுக்குள் இருக்கிறது. டீசல் அங்கிருந்து இறங்கி, இஞ்சினின் பக்கவாட்டில் உள்ள லிப்ட் பம்புக்கு வருகிறது. அது பில்டர்கள் வழியாக டீசலைப் பெரிய பம்புக்குத் தள்ளுகிறது; பெரிய பம்பு அதை இஞ்சினுக்குள் பீச்சும் நோசல்களுக்கு அனுப்புகிறது. டாங்கிக்கும் லிப்ட் பம்புக்கும் நடுவே உள்ள குழாயைத்தான் கவனிக்க வேண்டும். டிரக்டர் நிற்கும்போது, மேலே உள்ள டீசலின் பாரம் குழாயை உள்ளிருந்து அழுத்துகிறது. உயரம் அரை மீற்றர் என்று வைத்தால், அந்தப் பாரம் வளிமண்டல அழுத்தத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஒரு மூட்டு சொட்ட அது போதும். ஆனால் அவ்வளவு சிறிய பாரத்தைத் தோற்கடிப்பதும் சுலபம். டாங்கி வாயிலுள்ள சல்லடை அடைத்துக்கொண்டாலோ மூடியிலுள்ள காற்றுத் துளையில் சேறு ஏறினாலோ, லிப்ட் பம்பின் உறிஞ்சல் பாரத்தை வென்றுவிடும். குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போகும். அந்த நொடியில் ஓட்டை திசை மாறுகிறது.

அவிசாவளை வீதியோரம் செவ்விளநீர் குடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காயைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அடியில் துளையிட்டு ஸ்ட்ரோவைச் செருகிக் கீழிருந்து குடிப்பதாகக் கற்பனை செய்யுங்கள். ஸ்ட்ரோவில் ஒரு கீறல். சும்மா இருந்தால் கீறல் வழியாகக் கழுத்தில் சொட்டும். மெதுவாகக் குடித்தாலும் கொஞ்சம் சொட்டும். இப்போது ஸ்ட்ரோவின் மேல் முனையில் ஒரு துண்டு வழுக்கை வந்து அடைக்கிறது. தாகத்தில் பலமாக இழுக்கிறீர்கள்; சொட்டு நின்றுவிடுகிறது, வாய்க்குள் களகளவென்று காற்று வருகிறது. எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு காற்று. சுமையோடு மேடு ஏறும் டிரக்டருக்கு அந்தத் தாகம்தான். வெறும் பெட்டியோடு தட்டை வீதியில் அதற்குக் கொஞ்சம் டீசல் போதும், ஆகவே குறை தெரிவதில்லை.

அந்த வழுக்கைக்கு நிகரானது டாங்கியிலும் உண்டு. மழை அதிகமான பக்கம் அது: அருகிலுள்ள இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஈரக்காற்றும் கேன்களில் சேரும் தண்ணீரும் டாங்கியின் அடியில் தங்குகின்றன. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் பக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து சளி போலப் படியும். துருவும் சேர்ந்தால் சல்லடை மூடிப்போகும்.

காற்று போனால் இஞ்சின் ஏன் நிற்க வேண்டும்? நோசலின் ஊசியை ஒரு வலுவான ஸ்பிரிங் அமுக்கி வைத்திருக்கிறது. அதைத் தூக்க வளிமண்டல அழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேல் வேண்டும். டீசல் அமுங்காது, பம்பு தள்ளிய தள்ளு அப்படியே ஊசிக்குப் போய்ச் சேரும். காற்று பஞ்சு போல அமுங்கி, தள்ளியதைத் தானே விழுங்கிவிடும்.

ஆகவே இந்த வரிசையில் பாருங்கள். மேட்டில் திணறும்போது பிரேக் போட்டு நிறுத்தி டாங்கி மூடியைத் தளர்த்துங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், இஞ்சினும் தெளிந்தால் மூடித் துளைதான் குற்றவாளி. இல்லாவிட்டால் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு லிப்ட் பம்புக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு துண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைப் போட்டு ஓட்டினால் குமிழிகள் வரிசையாக ஓடுவது தெரியும். எந்த மூட்டு என்று பிடிக்க, எல்லா மூட்டுகளையும் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் எந்த மூட்டில் பவுடர் நனைந்து கறுத்திருக்கிறதோ, ஒழுக்கு அங்கேதான்.

நோசலுக்குப் போகும் இரும்புக் குழாய்களை மட்டும் ஓடும்போது விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் கண்ணுக்குத் தெரியாமல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; விரலையே இழக்க நேரும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

  

ஒழுக்கை நிறுத்தும் என்று விற்கும் போத்தல் மருந்து பற்றியும் வாசகர் கேட்டிருக்கிறார். அதற்குப் பின்னால் ஓர் உண்மை உண்டு. 1993இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது, பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த ரப்பர் வளையங்கள் சுருங்கி, பல பம்புகள் ஒழுகின. ரப்பரை மறுபடி உப்பவைக்கும் திரவத்தால் அப்படியான இடத்தில் பலன் இருக்கலாம். ஆனால் இந்தக் குழாயின் மூட்டுகளில் இருப்பது பெரும்பாலும் பித்தளையும் செம்பு வோஷரும். செம்பை எந்தத் திரவமும் உப்பவைக்காது. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப்போகும், மறுமுறை சரியாகப் படியாது. புதியது கிடைக்காவிட்டால் சிவக்கச் சுட்டு ஆறவிடுங்கள், மறுபடி மெதுமையாகிவிடும்.

சின்ன ஒழுக்குதானே என்று விடவும் முடியாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லீற்றர். எரிபொருள் தட்டுப்பாடு இருந்த 2022 ஜூன் கடைசியில் அந்த ஒரு லீற்றர் 460 ரூபாய். அதற்கும் நாள்கணக்கில் வரிசை.

மூட்டை இறுக்கிய பிறகு, உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்ற, பில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, லிப்ட் பம்பின் கைப்பிடியை மெதுவாக அமுக்குங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழியும் டீசலும் மாறி மாறி. நுரை அடங்கித் தெளிந்த டீசல் விடாமல் வழியும்போது, கைப்பிடியை அமுக்கியபடியே திருகை மூடுங்கள்.