கைசரின் இடது காது

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் தம் வீட்டு நாய் இரவெல்லாம் தலையை உதறிக்கொண்டே இருப்பதாகவும், அதற்காகத் தேங்காய் எண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் காதில் விட்டு வருவதாகவும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தயவு செய்து இன்றே நிறுத்துங்கள்" என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். அருகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று நின்றபடியே பத்து நிமிடம் பேசியதை விரிவாக எழுதித் தருமாறு நம் இதழாசிரியர் கேட்டுக்கொண்டார். நான் மருத்துவன் அல்லன்; கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். நான் வளர்த்த நாயின் ஒரு காதை நானே கெடுத்துவிட்டேன் என்பதுதான் இதை எழுத எனக்குள்ள ஒரே தகுதி.

எங்கள் வீடு அமரவிளையில், நெய்யாற்றுப் பாலத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் குடும்பமும் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். மழை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது. ஜூன் தொடங்கி நவம்பர் முடியும்வரை கொடியில் போட்ட துணி காயாது. அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூசணம் பூக்கும். இந்த ஈரத்துக்கும் கைசரின் காதுக்கும் சம்பந்தம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கைசர் 2017-ல் குட்டியாக எங்கள் வீட்டுக்கு வந்தது. லாப்ரடார் இனம், சந்தன நிறம். மறு ஆண்டு மழைக்காலத்தில் முதன்முறையாகக் காதைச் சொறிய ஆரம்பித்தது. மடலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சிவந்து, பழுப்பு நிறத்தில் மெழுகு போன்ற அழுக்கு. புளித்த மாவு வாடை. கால்நடை மருத்துவமனையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நான்கு நாளில் வாடை போயிற்று, நான் மருந்தை நிறுத்தினேன். மூன்று மாதம் கழித்து மீண்டும் வந்தது. மீண்டும் சொட்டு மருந்து, மீண்டும் நான்காம் நாள் நிறுத்தம். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அதே காலத்தில் கைசர் முன்னங்கால் விரல்களை ஓயாமல் நக்கும். விரலிடுக்கு மயிரெல்லாம் செம்பட்டையாகிவிட்டது. முற்றத்துச் செம்மண் ஒட்டியிருக்கிறது என்று நானும் என் மனைவியும் நினைத்துக்கொண்டோம். காதும் காலும் ஒரே நோயைச் சொல்லிக்கொண்டிருந்தன என்பது எங்களுக்குப் புரியவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மழை தொடங்கியதும் காதும் தொடங்கியது. நெய்யாற்றின்கரைக்குப் போகவே பயந்த காலம் அது. எனவே கைவைத்தியத்தில் இறங்கினேன். முதலில் பூண்டு எண்ணெய். பிறகு வெற்றிலைச் சாறு. பிறகு, அலமாரியில் கிடந்த பழைய சொட்டு மருந்துக் குப்பி. பஞ்சுக் குச்சியை விட்டுக் குடைந்து அழுக்கு எடுத்தேன்; குச்சியோடு வந்ததைவிட உள்ளே தள்ளியது அதிகம் என்று இப்போது தெரிகிறது. கைசர் என்னைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தது. அதுவரை என் காலடியில் படுத்துக் கிடந்த நாய்.

2021 ஜனவரியில் அது நடந்தது. என் பேத்தி, அப்போது நான்கு வயது, வழக்கம்போலக் கைசரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கை இடது காதில் அழுந்திவிட்டது போலிருக்கிறது. ஒரு உறுமல், பல் அவள் முன்கையில் பட்டுக் கீறிவிட்டது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கைசருக்கு ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருந்தும் குழந்தைக்கு ஊசி போட்டார்கள். நாயையும் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள். அதுதான் முறை. அடுத்த வீட்டுச் சேச்சி வேலிக்கு அப்பால் நின்று, "அண்ணா, பட்டிக்குப் பேயாணோ?" என்று கேட்டார். தலையைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறது, உதறுகிறது, தொட்டால் கடிக்க வருகிறது; அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை.

அன்று மாலை என் மைத்துனர் வந்தார். "அத்தான், காரிலே ஏத்திக் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டுட்டா திரும்பி வராது. பிள்ளை இருக்க வீடு" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மறுத்தும் பேசவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரவு எழுந்து பார்த்தேன். கைசர் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியில் இடது காதை அழுத்திவைத்துப் படுத்திருந்தது, கண் விழித்தபடி.

மறுநாள் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். இளம் பெண். வாய்க்கட்டுப் போட்டு மெதுவாக மடலைத் தூக்கியவர், "செவியில் எந்தொக்கெ ஒழிச்சு?" என்று கேட்டார். மலையாளத்தில் 'ஒழிக்குக' என்றால் ஊற்றுவது என்று அறுபது ஆண்டுகளாக எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அது என் தமிழ்க் காதில் தமிழாகவே விழுந்தது. எதையெல்லாம் ஒழித்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். நம் காதுக் குழாய் ஏறக்குறைய நேராக உள்ளே போகிறது. நாய்க்கு முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு முழங்கை போல மடிந்து உள்ளே திரும்புகிறது. செவிப்பறை அந்த மடிப்புக்கு அப்பால் இருக்கிறது. ஊற்றிய எண்ணெய் வெளியே வர வழியில்லை. அழுக்கைக் குழைத்துக்கொண்டு அடியில் தேங்கிவிடும். "இது வெறும் குழாய் அல்ல, உள்ளே மடித்து வைத்த தொலி" என்றார். எங்கள் பக்கத் தமிழிலும் தொலிதான், உடனே புரிந்தது. உடம்புத் தோலுக்கு எது வந்தாலும் காதின் உள்தோலுக்கும் வரும். ஒவ்வாமை உள்ள நாய்க்கு விரலிடுக்கு, அக்குள், அடிவயிறு சிவப்பதுபோலவே காதும் சிவந்து வீங்கும். வீங்கிய இடத்தில் மெழுகு அதிகம் சுரக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால், எல்லா நாயின் தோலிலும் சாதுவாகக் கிடக்கும் பூஞ்சை பல்கிப் பெருகும். அதன் பிறகு பாக்டீரியா. நாம் சொட்டு மருந்தால் கொல்வது இந்தக் கடைசியில் வந்த விருந்தாளிகளைத்தான். கதவைத் திறந்துவிட்ட ஒவ்வாமை அப்படியே இருக்கும். மூன்று மாதத்தில் அடுத்த கூட்டம் வந்து சேரும்.

பஞ்சுக் குச்சியில் சிறிது அழுக்கெடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். தோலோடு கூடிய நிலக்கடலை போல இடுப்பு ஒடுங்கிய ஊதா உருவங்கள் கூட்டங்கூட்டமாகத் தெரிந்தன. மலசேசியா என்ற பூஞ்சை. அதோடு பாக்டீரியாவும் இருந்தது. அதிக நேரம் எடுக்காத இந்தச் சோதனையை அதுவரை நான் கேட்டு வாங்கியதே இல்லை. மருந்துப் பெயரைச் சொல்லிக் கடையில் வாங்குவதே எனக்குச் சுலபமாக இருந்தது. காதுப் பூச்சிக்கு ஒரு மருந்து, பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு வேறொன்று. எது இருக்கிறது என்று பார்க்காமல் ஊற்றுவது இருட்டில் கல் எறிவது.

இடது காதின் குழாய் வீங்கி அடைபட்டிருந்ததால் செவிப்பறை தெரியவில்லை. சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து வீக்கம் வற்றிய பிறகு பார்த்தார். பறை கிழிந்திருந்தது. கிழிந்த பறைக்கு அப்பால் சில மருந்துகள் போனால் கேட்கும் நரம்பையே கெடுத்துவிடும். பல சொட்டு மருந்துகளில் இருக்கும் ஜென்டாமைசின் அவற்றில் ஒன்று. என் அலமாரிக் குப்பியின் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் அந்தப் பெயர் இருந்தது. குழாயைச் சுற்றியுள்ள குருத்தெலும்பும் நெடுநாள் அழற்சியால் எலும்பு போல இறுகியிருந்தது. குழாயையே எடுத்துவிடும் அறுவை சிகிச்சை உண்டு; அதற்கு மண்ணுத்தியோ வேப்பேரியோ போன்ற கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். புண் ஆறினால் அதைத் தள்ளிப்போடலாம் என்றார். ஆறியது. கேள்வி திரும்பவில்லை. எண்ணெயா, சொட்டு மருந்தா, இரண்டு வருஷ அலட்சியமா, எது முதலில் கெடுத்தது என்று நான் கேட்கவில்லை.

வலது காதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஒவ்வாமை எதனால் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையில் உணவு ஒவ்வாமையை நம்பிக்கையாகக் கண்டறிய முடியாதாம். ஒரே வழி, அதுவரை தின்றே அறியாத ஒரு மாமிசமும் ஒரு கிழங்கும் மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. கைசர் தின்னாதது எது? கோழி, மாடு, சாளை மீன், முட்டை, பால், சோறு, மரச்சீனி எல்லாம் தின்றாயிற்று. கடைசியில் முயல் இறைச்சியும் சீனிக்கிழங்கும் என்று முடிவாயிற்று. கேரளத்தில் முயல் வளர்ப்பவர்கள் உண்டு என்பதால் கிடைத்தது. விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. பேத்திக்கு மட்டும் அது என்ன இறைச்சி என்று சொல்லவில்லை.

ஐந்து வாரம் ஆகியும் சொறிச்சல் குறையவில்லை. பிறகுதான் தெரிந்தது, என் தாயார் தினமும் விடியற்காலை தம் தேநீரில் ரஸ்க் தோய்த்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார் என்று. கேட்டதற்கு, "மக்களே, அது என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கு. ஒரு துண்டு ரஸ்க்கு வயித்துக்குத்தானே போகும், காதுக்கா போகும்?" என்றார். எண்பது வயதுத் தாயாரிடம் வாதம் செய்ய முடியுமா? கணக்கை முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை அம்மாவின் கையிலேயே சீனிக்கிழங்குத் துண்டுகளைக் கொடுத்துவைத்தோம். ஏழாவது வாரம் காதின் சிவப்பு நன்றாகக் குறைந்தது. எட்டு வாரம் முடிந்ததும் பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். பால் கொடுத்தோம், ஒன்றுமில்லை. மீன், ஒன்றுமில்லை. கோழி கொடுத்த நான்காம் நாள் வலது காது சிவந்து தலையை உதற ஆரம்பித்தது. நாயின் நலத்துக்கென்று வாரம் மூன்று நாள் நான் தேடி வாங்கிக் கொடுத்தது கோழிதான்.

இதோடு முடிந்தது என்று எழுதினால் பொய்யாகும். கோழியை நிறுத்தியும் மழைக்காலத்தில் விரல் நக்குவது போகவில்லை. வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணிகள் இருக்கின்றன. ஈரக்காற்றில்தான் அவை செழிக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை அமரவிளை அவற்றுக்குச் சொர்க்கம். இரண்டு விதமான ஒவ்வாமையும் ஒரே நாய்க்கு இருப்பது அபூர்வமல்ல என்றார் மருத்துவர். கைசரின் பழைய மெத்தையை எறிந்தோம். விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கிறோம். மழை மாதங்களில் மட்டும் ஓக்லாசிட்டினிப் என்ற மாத்திரை, மருத்துவர் சொன்ன அளவில். மலிவல்ல. ஸ்டீராய்டில் வந்த ஓயாத தாகமும் பசியும் இதில் இல்லை.

லாப்ரடாருக்குக் காது தொங்குவதால்தான் இந்த நோய் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தொங்கும் மடல் காற்றை மறைத்து ஈரத்தைக் கூட்டும் என்பது சரி. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் எல்லா லாப்ரடாருக்கும் எந்நாளும் காது சீழ் பிடித்திருக்க வேண்டுமே. காது நிமிர்ந்த நாட்டு நாய்க்கும் ஒவ்வாமை இருந்தால் இது வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை காது கழுவும் நேரம். வலது காதில் மருத்துவர் தந்த கழுவுநீரை நிரம்ப விட்டு, காதின் அடிப்பக்கத்தை வெளியிலிருந்தே அரை நிமிடம் பிசைய வேண்டும். சளசளவென்று சத்தம் கேட்கும். பிறகு கையை எடுத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும்; கைசர் உதறும் உதறலில் அழுக்கு தானே மேலே வந்துவிடும், சுவரிலும் சட்டையிலும் படும். மேலே வந்ததைப் பஞ்சால் துடைத்தால் போதும். விரல் நுழையும் ஆழத்துக்கு மேல் எதையும் விடுவதில்லை. பறை கிழிந்த காதுக்கு இந்தக் கழுவலும் மருத்துவர் சொல்லாமல் கூடாது. வாடையோ சிவப்போ தெரிந்தால் அலமாரியைத் திறக்காமல் நேரே மருத்துவமனைதான். சொன்ன நாள்வரை மருந்து, பிறகு மறுபடி காட்டி, அழுக்கைச் சோதித்து, அவர் போதும் என்றால்தான் நிறுத்தம்.

கைசருக்கு இப்போது மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது. இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பித் தேடுகிறது. பேத்தி இதை எங்களுக்கு முன்பே கண்டுகொண்டாள். எப்போதும் வலப்பக்கம் போய் நின்றுதான் கூப்பிடுவாள்.

சென்ற வாரம் அந்த நண்பர் தொலைபேசியில் அழைத்தார். எண்ணெயை நிறுத்தி மருத்துவரிடம் காட்டினாராம். செவிப்பறைக்கு ஒன்றும் ஆகவில்லையாம். "கால் விரலை நக்குகிறதா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆமாம், மயிரெல்லாம் செம்பட்டையாக இருக்கிறது. நீங்கள் பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள்?" என்றார்.